மூடிக்கொள்ளக் கூடாத வழி

இப்படிப்பட்ட நினைவுகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவது வழக்கம். எனக்கு வயது முப்பத்தாறு. வேலையை விடவில்லை. ஊட்டியில் நர்சிங் படிக்கும் பெண்களுக்குப் பாடம் சொல்லப் போகிறேன். ஆனால் குன்னூரில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் கண் பிரிவில், ஒரே வராந்தாவில், பதினான்கு வருடம் நடந்திருக்கிறேன். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் தங்கைகள் மூன்று பேருக்கும் கருவிகளின் பெயரையும் மருந்து அலமாரியையும் யார் வேண்டுமானாலும் காட்டிக் கொடுப்பார்கள். அந்த அலமாரியில் இல்லாத ஒன்றை எழுதிவைக்கத்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

வந்த முதல் வாரத்திலேயே பார்த்திருப்பீர்கள். மழை மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும். முதலில் தேயிலைச் சரிவு மறையும், அப்புறம் ரயில் பாதை, அப்புறம் நம் தோட்டத்து வேலி. ஜன்னல் திறந்திருந்தால் வார்டுக்குள்ளேயே வந்து கட்டில்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நிற்கும். கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர்களுக்கு அது தெரியாது. முகத்தில் ஈரம் மட்டும் தெரியும். ரயிலின் கூவல் எங்கோ அடியிலிருந்து வரும். அந்த நேரத்தில் வேலை செய்வது தூக்கத்தில் நடப்பது போல இருக்கும். நான் சொல்லப்போகும் விஷயமும் என் நினைவில் அந்த மேகத்துக்குள்தான் இருக்கிறது. சில முகங்கள் கலைந்துவிட்டன. சில சொற்கள் மட்டும் அப்படியே கேட்கின்றன.

கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு மெல்லிய வழி இருக்கிறது. கண்ணீர் நாள் முழுவதும் அதில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சோலைக்குள் புல்லுக்கடியில் ஓடும் ஊற்று மாதிரி, ஓடும்போது யாருக்கும் தெரியாது. அடைத்துக்கொண்டால்தான் அப்படி ஒரு வழி இருந்ததே தெரியும். கண்ணீர் கன்னத்தில் வழியும், தேங்கும், சீழாக மாறும். டாக்டர் மூக்கெலும்பில் ஒரு புது வாசலைத் திறந்து, கண்ணீர்ப் பையை நேராக மூக்குக்குள் திருப்பிவிடுவார். அவர் வேலை அன்று மதியத்துக்குள் முடிந்துவிடும். நம் வேலை அங்கிருந்து தொடங்கும்.

உடம்புக்குப் புண் என்றால் ஒன்றுதான் தெரியும்: மூடிவிட வேண்டும். நாம் வேண்டுமென்றே திறந்த வாசல் எது, தவறிப் பட்ட வெட்டு எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இழை இழையாகத் தழும்பை நெய்து மூடப் பார்க்கும். மற்ற வார்டுகளில் புண் சீக்கிரம் கூட வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். இங்கே நாம், ‘ஆறு, ஆனால் மூடாதே’ என்று உடம்பிடம் மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். ஒரு குழந்தையைத் தூங்கவும் விடாமல் அழவும் விடாமல் தோளில் வைத்துக்கொண்டு நடப்பது போன்ற வேலை இது.

பழனியாயி வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அவருக்கு ஐம்பது இருக்கலாம். சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தார். சிறு பெண்ணாக இலங்கையிலிருந்து வந்தவர். அங்கிருந்து வந்தவர்கள் நர்ஸை ‘மிஸி’ என்று கூப்பிடுவார்கள். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

கீழே சமவெளியில் ஓர் ஊரில் அவருக்கு இதே ஆபரேஷன் ஒரு முறை நடந்திருந்தது. சில மாதங்களிலேயே தழும்பு வளர்ந்து வாசலை மூடிவிட்டது. மறுபடியும் இடது கண்ணில் எந்நேரமும் நீர். சேலைத் தலைப்பின் ஒரு முனை எப்போதும் ஈரமாக இருக்கும். பார்ப்பவர்கள் எல்லாம் என்ன துக்கம் என்று கேட்டார்கள். புருஷன் கேலியாக, ‘நான் செத்தா அழுவுறதுக்கு மிச்சம் வையி’ என்பாராம். அதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிக்காமல் சொன்னது ஒன்றுதான்.

அவர் பதினோரு வருடம் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவர். தாய்மார்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. கண்ணில் சீழ் வைக்க ஆரம்பித்ததும் தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். கண்ணைத் துடைக்கிற கையாலேயே பாலைக் கலக்குகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். யாரும் சண்டை போடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவரைக் கொழுந்துக்குப் போகச் சொன்னார்கள். வேறு ஒரு பெண் காம்பராச் சாவியை வாங்கிக்கொண்டாள். மலையிலிருந்து சாயங்காலம் இறங்கும்போது குழந்தைகள் இவரைப் பார்த்துக் கையை நீட்டும். தாய்மார்கள் குழந்தையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள்.

“கண்ணு தெரியணும்னு வரல மிஸி. கண்ணு தெரியுது. காம்பராவுக்குப் போவணும்.”

இரண்டாவது ஆபரேஷன் என்பதால் எங்கள் கண் டாக்டரம்மா முன்னெச்சரிக்கையாக இரண்டு காரியம் செய்தார். ஒன்று, தழும்பு வளர்வதைத் தடுக்கும் மருந்தில் நனைத்த பஞ்சைப் புது வாசலில் சில நிமிடம் வைத்திருந்து எடுப்பது. இரண்டு, மெல்லிய சிலிக்கான் குழாயை அந்த வழியில் விட்டுவைப்பது. கண்ணின் உள்மூலையில் மேலும் கீழும் இருக்கும் இரு சிறு துளைகள் வழியாக அது இறங்கி, மூக்குக்குள் முடிச்சுப் போடப்பட்டிருக்கும். வெளியே பார்த்தால் கண்மூலையில் ஒரு மயிரிழை மாதிரி மினுங்கும். சுற்றிலும் புண் ஆறும்வரை, மூன்று மாதம், அது வழியை மூடவிடாமல் காவல் இருக்க வேண்டும்.

மருந்துப் பஞ்சுக்கு நிமிடம் பார்க்கும் வேலை என்னுடையது. குறைவாக வைத்தால் பயன் இல்லை. அதிகமாக வைத்தால் புண் ஆறவே ஆறாது. பஞ்சு வைத்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. எங்கள் மலையில் மழைக்காலத்தில் இது சாதாரணம். ஜெனரேட்டர் வரும்வரை இருட்டு. அந்த இருட்டில் யாரோ தட்டில் கை இடித்தார்கள், ஏதோ விழுந்தது, நான் குனிந்தேன். வெளிச்சம் வந்து கடிகாரத்தைப் பார்த்தபோது, ஆரம்பித்த நிமிடம் என்ன என்பது என் தலையிலிருந்து போய்விட்டது.

டாக்டரம்மா கோயமுத்தூர்க்காரர். பதற்றத்தில்கூட மரியாதை குறையாது. “எத்தன நிமிசமாச்சுங்க சிஸ்டர்?” என்று காமிராத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

தங்கைகளே, அந்த நேரத்தில் ஒரு எண் நாக்கு நுனிக்குத் தானாக வந்துவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் சேரங்கோடு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். தியேட்டரில் எல்லோர் முன்னாலும் ‘தெரியாது’ என்று சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் யாருக்காவது புரியும். வாயைத் திறந்தேன். “விட்டுட்டேங்க மேடம். தெரியல.”

அவர் உடனே பஞ்சை எடுத்துவிட்டு உப்புநீரால் நன்றாகக் கழுவினார். கை கழுவும்போது மட்டும் சொன்னார்: கூடுதலாகப் போயிருக்காது, குறைவாகத்தான் இருந்திருக்கும், ஆகவே இந்தம்மாவுக்கு இனிமேல் குழாய்தான் எல்லாம். அந்த வாக்கியத்தை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஊருக்கு அனுப்பும் நாளில் பழனியாயிக்கு நான் அறிவுரை சொன்ன விதத்தை இன்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சமவெளியில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியின் அறிவுரைத் தாளை நான் நல்ல தமிழில் எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். வருகிற டாக்டர்கள் எல்லாம் அதைப் பாராட்டுவார்கள். கண்ணைக் கசக்குதல் கூடாது, மூக்கைச் சிந்துதல் கூடாது, கடும் வெயிலில் செல்வதைத் தவிர்க்கவும். ஆடி மாதத்துக் குன்னூரில், ஜன்னலுக்கு வெளியே இரண்டு முழம்கூடத் தெரியாத மேகத்தில் நின்றுகொண்டு, கடும் வெயிலைத் தவிர்க்கச் சொல்லி வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவர் ‘சரிங்க மிஸி’ என்றார்.

அந்தச் சரிங்கவை எனக்குத் தெரியாதா? என் அம்மா கங்காணியிடம் சொன்னது, ஃபீல்டு ஆபீசரிடம் சொன்னது, என் வாத்தியாரிடம் சொன்னது எல்லாம் அதுதான். ‘பேச்சு முடிந்தால் நான் போகலாமா’ என்று அதற்குப் பொருள். தெரிந்திருந்தும் பதினைந்து சரிங்கவையும் வாங்கி வைத்துக்கொண்டு, நன்றாகச் சொல்லிக் கொடுத்தோம் என்று திருப்தியாக இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை. ஞாயிறன்று கோயமுத்தூருக்குப் போன டாக்டரம்மா, பர்லியாறு பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டதால் கீழேயே மாட்டிக்கொண்டார். போன் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு பழனியாயி வந்தார். விடிவதற்கு முன் சேரம்பாடியில் பஸ் ஏறி, கூடலூரில் மாறி, ஊட்டியில் மாறி வந்திருக்கிறார். துண்டை எடுத்தார். கண்மூலையில் மயிரிழையாக இருக்க வேண்டிய குழாய், ஒரு வளையமாக வெளியே வந்து கன்னத்தில் தொங்கியது. கண் சிவந்திருந்தது.

எத்தனை நாளாகிறது என்று கேட்டேன். மூன்று நாள் என்றார். ஏன் அன்றைக்கே வரவில்லை என்று கேட்டேன். தரையைப் பார்த்தார்.

“நீங்க வைவீங்கன்னு பயமா இருந்துச்சு.”

அவர் பயந்ததையே நான் செய்தேன். வார்டே கேட்கும்படி திட்டினேன். கண்ணைக் கசக்காதே என்றால் கசக்குவது, மூக்கைச் சிந்தாதே என்றால் சிந்துவது, டாக்டர் பாடுபட்டுச் செய்ததை வீணாக்குவது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அல்லது மிகவும் பழையதாக இருந்தது. எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நான் சின்ன வயதில் கேட்ட குரல்.

“கசக்கல மிஸி. சிந்தவும் இல்ல. மூக்குக்குத் தண்ணி விட்டுக் கழுவச் சொன்னீங்க, ரெண்டு வேளையும் கழுவுனேன்.”

“பொய் சொல்லாதீங்கம்மா. தானா வெளிய வருமா?”

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எந்தக் கண்ணீர் என்று பார்க்க நான் நிற்கவில்லை.

அன்று டூட்டியில் இருந்த பொது டாக்டர் இளைஞர், நல்லவர். வந்து விளக்கடித்துப் பார்த்தார். வளையம் கருவிழியில் உரசுகிறது, புண்ணாகிவிடும். மூன்று வாரம் குழாய் இருந்தாகிவிட்டது. வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றார். கத்தரிக்கோல் தட்டை எடுத்து வைக்கவும், பழனியாயிக்கு உடை மாற்றிவிடவும் சொன்னார். சொன்ன காரணம் தப்பில்லை. நானும் தலையாட்டினேன்.

திரைக்குப் பின்னால் ஆஸ்பத்திரி உடையைக் கொடுத்து மாற்றச் சொன்னேன். பழனியாயி முதலில் ஸ்வெட்டரைக் கழற்றினார்.

லயத்துப் பெண்கள் போடும் ஸ்வெட்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சந்தையில் குவியலாகப் போட்டு விற்பார்கள். முன்பக்கம் பித்தான் இருக்காது, தலைவழியாகத்தான் போட வேண்டும், தலைவழியாகத்தான் கழற்ற வேண்டும். பலமுறை துவைத்துக் கழுத்து இறுகியிருக்கும். அவர் இரண்டு கையாலும் கீழ் விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தார். முகம் கம்பளிக்குள் மறைந்தது. கழுத்துப் பட்டி தாடையில் மாட்டி, மூக்கின் மேல் ஏறி, கண்ணில் உரசி, நெற்றியைக் கடந்து வந்தது. வளையம் கம்பளி இழையில் சிக்கி, இன்னும் ஒரு நெல்லளவு வெளியே வந்து, விடுபட்டது. அவருக்கு அது தெரியவில்லை. ஸ்வெட்டரை ஒழுங்காக மடித்துக் கட்டிலில் வைத்தார்.

அந்தக் கணத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் அப்படியே நின்றேன். என் உடம்பில் ஆஸ்பத்திரி கொடுத்த நீல ஸ்வெட்டர். முன்பக்கம் ஆறு பித்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் தலைவழியாக ஒரு ஸ்வெட்டரைக் கழற்றியதே இல்லை. அதற்கு முன் இருபது வருடம் தினமும் கழற்றியிருக்கிறேன். என் அம்மா அன்று காலையிலும் கழற்றியிருப்பார். சமவெளி டாக்டர்கள் எழுதிய தாளில் ஸ்வெட்டர் இருக்காது. அவர்கள் ஊரில் அது கிடையாது. அதை எழுதியிருக்க வேண்டியவள் நான்.

தட்டோடு டாக்டரிடம் போனேன். கத்தரிக்கோலைக் கொண்டு போகவில்லை.

“சார், வெட்ட வேண்டாம். மேடம் வர்ற வரைக்கும் ஒட்டி வச்சுக்கலாம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வாரம் போதாதா, மருந்தும் வைத்திருக்கிறது என்று குறிப்பில் இருக்கிறதே என்றார். உண்மைதான். குறிப்பில் மருந்து வைக்கப்பட்டது என்று இருந்தது. எத்தனை நிமிடம் என்று இல்லை. எண்ணிக்கை தவறியதால் மருந்து குறைந்திருக்கும் என்பது டாக்டரம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும், அவர் மண் சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

“நிமிசம் பாத்தது நான்தான் சார். கரண்ட் போனப்ப எண்ணிக்கைய விட்டுட்டேன். மருந்து பாதிகூட வேலை செஞ்சிருக்காது. இப்ப குழாயும் போச்சுன்னா வழி மூடிரும். ஏற்கெனவே ஒருக்கா மூடுனது.”

“கண்ணுல உரசிப் புண்ணாச்சுன்னா?”

“பக்கத்துலயே உக்காந்துக்கறேன் சார். சிவப்பு கூடுனா நானே வந்து உங்களக் கூப்புடறேன்.”

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, வெள்ளைதான். மறுநாள் மதியம் வரை, அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட இல்லை என்று சொல்லிவிட்டுக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் என்னை நம்பினாரா, என் தப்பை நான் ஒப்புக்கொண்டதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. தப்பை மறைத்துக்கொண்டு அந்தக் கோரிக்கையை நான் வைத்திருக்கவே முடியாது என்பது மட்டும் தெரியும். இதை நினைவில் வையுங்கள்: நோயாளிக்காக வாதாடும்போது கையில் இருக்கும் பலமான சாட்சி சில சமயம் நம் சொந்தப் பிழையாகவே இருக்கும்.

கண்ணில் களிம்பு போட்டேன். வளையத்தை இழுக்காமல், உள்ளே தள்ளாமல், மூக்குத் தண்டின் பக்கவாட்டில் மெல்லிய பிளாஸ்திரியால் ஒட்டினேன். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 

“மன்னிச்சிருங்கக்கா” என்றேன். அதுவரை அம்மா என்று கூப்பிட்டவள், எப்போது அக்காவாக மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. “நீங்க பொய் சொல்லல. ஸ்வெட்டர்தான் இழுத்திருக்கு. நான் சொல்லியிருக்கணும். எங்கம்மா சேரங்கோட்டுல கொழுந்து எடுத்தவங்க. எனக்குத் தெரியாம இல்ல.”

அவர் ஒட்டாத கண்ணால் என்னை மெதுவாகப் பார்த்தார்.

“லயத்துப் புள்ளையா நீ? அதான். வையும்போதே நெனச்சேன், இது எங்கயோ நம்ம பீலிக்கரையில கேட்ட சத்தமா இருக்கேன்னு.”

பீலிக்கரை என்றால் லயத்துப் பெண்கள் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கும் குழாயடி. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கக் கூடாது, பிளாஸ்திரி இழுக்கும் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு அவர் சரிங்க என்று சொல்லவில்லை. ‘நீ சிரிக்க வைக்காம இரு’ என்றார்.

அந்தச் சாயங்காலம் நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் கனவைச் சொல்வது போல, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுந்ததும் ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதுகுழலால் ஊதுவேன். ஊதும்போது மூக்குக்குள் ஏறும் அழுத்தத்தை நினைத்து எனக்குத் திக்கென்றது. மூக்கு அடைத்தால் நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிப்பேன். மலைக்குப் போகும்போது மப்ளரை முகத்தைச் சுற்றிக் கட்டுவேன். கொழுந்து மூட்டையைத் தூக்கும்போது மூச்சைப் பிடிப்பேன். இது எதுவும் என் சட்டம் போட்ட தாளில் இல்லை. மூக்கைச் சிந்தாதே என்று சொன்னேனே தவிர, அடுப்பை ஊதாதே என்று சொல்லவில்லையே. அவர் தாளில் இருந்த ஒன்றையும் மீறவில்லை. தாள்தான் அவர் வாழ்க்கையைத் தொடவில்லை.

மறுநாள் டாக்டரம்மா கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு, சேறு படிந்த செருப்போடு, பன்னிரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டார். மூக்குக்குள் காமிராவை விட்டுப் பார்த்தார். திரையில் எனக்கும் தெரிந்தது. புது வாசலின் ஓரத்தில் சிலந்தி வலை போல ஒரு மெல்லிய சவ்வு படரத் தொடங்கியிருந்தது. அவ்வளவு மென்மையாக, அவ்வளவு பொறுமையாக உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழாய் மட்டும் அதன் நடுவே நின்றது. டாக்டரம்மா சவ்வை விலக்கினார். குழாயை மூக்குப் பக்கத்திலிருந்து மெல்ல இழுத்தார். கன்னத்தில் இருந்த வளையம் சுருங்கிச் சுருங்கி, கண்மூலையில் ஒரு மினுக்கமாகப் போய் அடங்கியது. குழாய் இல்லாமல் இருந்தால் இந்நேரம் முழுக்க மூடியிருக்கும் என்றார் அவர். பாராட்டாக இல்லை, தகவலாகத்தான் சொன்னார்.

அன்றே சுவரிலிருந்து அந்தத் தாளைக் கழற்றினேன். அதற்குப் பதிலாக எதையும் மாட்டவில்லை. வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரையும் அவர்களுடைய ஒரு நாளை எனக்குச் சொல்லச் சொல்கிறேன். கால் மணி நேரம் ஆகும். வெளியே வரிசை நிற்கும், சத்தம் போடுவார்கள். ஆகட்டும். படகர் வீட்டு அம்மா ஒருவர் சொல்லும் நாள் வேறு, கடைக்காரர் சொல்லும் நாள் வேறு. எங்கே குழாய் மாட்டும், எங்கே மூக்கில் அழுத்தம் ஏறும் என்று கேட்டுக்கொண்டே வர வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு. லயத்தில் பிறந்து படித்தவள் என்பதாலேயே எனக்குக் கேட்கும் சில விஷயங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அதைக் கேட்காதவள் போல இருப்பதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன்.

மற்றொரு ஸ்வெட்டரை நான் பழனியாயிக்கு வாங்கிக் கொடுத்தேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. அவரே தன் ஸ்வெட்டரின் முன்பக்கத்தைக் கழுத்திலிருந்து அடிவரை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, நான்கு ஊக்குகள் குத்திப் போட்டுக்கொண்டு வந்தார். அடுப்பை ஊத மருமகளை வைத்துவிட்டேன், அவளுக்குத்தான் என் மேல் கோபம் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று பஸ் மாறி வந்து மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு போனார்.

மூன்று மாதம் முடிந்தது. குழாயை எடுக்கும் நாள். டாக்டரம்மா கண்மூலையில் ஒரு துளி மரப்பு மருந்து விட்டு, இழையை நறுக்கி, மூக்கு வழியாக உருவி எடுத்தார். கையில் பிடித்தால் அது ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. இனி அந்த வழி தன் காலில் நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பார்க்க ஒரே சோதனைதான். கண்மூலைத் துளையில் மொண்ணை ஊசியை வைத்து உப்புநீரைச் செலுத்த வேண்டும். வழி திறந்திருந்தால் நீர் மூக்குக்குள் இறங்கித் தொண்டைக்குப் போகும். மூடியிருந்தால் கண் வழியாகவே திரும்பி வரும். அவர் தலையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் முறை அழுத்தியபோது நீர் கண்ணில் தளும்பியது. டாக்டரம்மாவின் கை நின்றது. என் உள்ளங்கையில் பழனியாயியின் நெற்றி நரம்பு துடிப்பது தெரிந்தது. அவருக்குச் சோதனை என்ன என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். ஆகவே திரும்பி வந்த நீர் எதைச் சொல்கிறது என்று அவருக்கும் தெரியும்.  டாக்டரம்மா ஊசியை ஒரு மயிரளவு திருப்பினார். இன்னும் மெதுவாக, மறுபடியும் அழுத்தினார்.

கண் அசையாமல் இருந்தது. நீர் திரும்பவில்லை. பழனியாயியின் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.

“என்னக்கா?” என்றேன்.

அவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சுவைத்துப் பார்த்தார்.

“உப்பு கொஞ்சம் தூக்கல்.”

டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. இரண்டு முறை, மூன்று முறை செலுத்திப் பார்த்தார். மூன்று முறையும் இறங்கியது. வழி அகலமாக இல்லை, ஆனால் திறந்திருக்கிறது. இன்னும் ஒரு வருடம் அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்றார். பழனியாயி எழுந்து உட்கார்ந்து, எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு துண்டு எழுதிக் கேட்டார். டாக்டரம்மா தாளை எடுத்து ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி நீட்டினார். பழனியாயி அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அடைப்பு நீங்கியது, சீழ் இல்லை, தொற்று இல்லை, வேலைக்குத் தகுதியானவர் என்று தமிழில் சொன்னேன்.

அவர் தாளைத் திருப்பி வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வேலைன்னா கொழுந்துக்கு அனுப்பிருவாங்க. புள்ளைங்களத் தூக்கலாம்னு இதுல இருக்கா?”

இல்லை என்றேன். அவர் தாளை டாக்டரம்மாவிடமே நீட்டினார். டாக்டரம்மா பேனா மூடியைத் திறந்து அதையும் எழுதினார்.